மேல்படிப்புக்கு ஃபெலோஷிப்பா, கம்பெனி பணமா? முழுமையான வழிகாட்டி

எம்.டெக் சேரலாம் என்று இருக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் அடுத்த நிமிடம் வரும் கேள்வி, "லோன் எவ்வளவு போடணும்?" பி.இ.க்கு வாங்கிய கடனே முடியாத வீடுகளில் பேச்சு அத்தோடு நின்றும் போகிறது. ஆனால் சரியான தேர்வை எழுதி, சரியான இடத்தில் சேர்ந்தால் எம்.டெக்கும் பிஎச்டியும் மாதாமாதம் கணக்கில் பணம் வருகிற படிப்புகள். எந்தப் பணத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது, பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்பது தெரியாததால்தான் பலர் நேராக வங்கி வாசலில் போய் நிற்கிறார்கள்.

பணம் வரும் வழி இரண்டு. ஃபெலோஷிப் என்பது நீங்கள் ஏற்கெனவே எடுத்த மதிப்பெண்ணுக்கும் ரேங்குக்கும் கிடைப்பது. கம்பெனி பணம் என்பது இனிமேல் நீங்கள் அங்கே உழைக்கப் போகும் வருடங்களுக்கான முன்பணம். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. அதனால் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை விண்ணப்பப் படிவம் திறப்பதற்கு முன்பே ஓரளவு முடிவு செய்துவிடுவது நல்லது.

படி 1: என்ன படிப்பு, முழுநேரமா பகுதிநேரமா?

இதை முதலில் கேட்கக் காரணம் இருக்கிறது. ஃபெலோஷிப் பணம் ஏறக்குறைய எல்லாமே முழுநேரப் படிப்புக்குத்தான். பகுதிநேரம் என்றால் கம்பெனி பணம் அல்லது சொந்தப் பணம். எம்பிஏவுக்கு இந்தியாவில் ஃபெலோஷிப் என்று பெரிதாக எதுவும் இல்லை. அங்கே கடன்தான் வழக்கம், அல்லது கம்பெனி அனுப்ப வேண்டும். அதே மேலாண்மைத் துறையில் ஐஐஎம்மில் பிஎச்டி என்றால் உதவித்தொகை உண்டு. சட்டம், கலை, சமூக அறிவியலில் முதுநிலைக்கு வாய்ப்பு குறைவு, பிஎச்டிக்கு அதிகம்.

படி 2: உங்கள் படிப்புக்கு எந்தப் பணம் என்று பாருங்கள்

எம்.இ., எம்.டெக் என்றால் கேட், அதாவது பொறியியல் முதுநிலைக்கான தேசிய நுழைவுத் தேர்வு. மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். செல்லுபடியாகும் மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம் வரை. ஐஐடி, என்ஐடிகளிலும் அதே தொகைதான். பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் லேப் பார்க்க வேண்டும், டியூட்டோரியல் எடுக்க வேண்டும், இளநிலை மாணவர்களின் விடைத்தாள் திருத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல். அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ., எம்.டெக் சேர்க்கைக்கு நடத்தும் டான்கா கலந்தாய்வுக்கு கேட் மதிப்பெண்ணோடும் வரலாம், அந்தப் பல்கலைக்கழகமே வைக்கும் சீட்டா நுழைவுத் தேர்வு எழுதியும் வரலாம். வகுப்பு ஒன்று, பேராசிரியர் ஒருவர், ஆனால் மாதம் 12,400 கேட் வழியாக வந்தவருக்கு மட்டும்தான். இரண்டு ஆண்டில் 2,97,600 ரூபாய் வித்தியாசம். "கேட் கஷ்டம், சீட்டா எழுதிக்கலாம்" என்று பி.இ. கடைசி வருடத்தில் எடுக்கிற முடிவின் விலை இது. கேட்டில் பெரிய ரேங்க் வேண்டும் என்பதில்லை. உதவித்தொகைக்குத் தகுதி மதிப்பெண் வந்தாலே போதும். இரண்டையும் எழுதுங்கள் என்பதே என் யோசனை.

பிஎச்டி என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும், அதன் வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப்பும். 2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஃபெலோ, ஆனதும் 42,000. மொத்தம் 5 ஆண்டு வரை. கலை, சமூக அறிவியல், மொழிப் பாடங்களுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட். அறிவியலுக்கு சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) நெட். விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. ஊரைப் பொறுத்து விகிதம் மாறும். சென்னை அதிக விகிதம் உள்ள எக்ஸ் பிரிவு. கோவை, மதுரை, திருச்சி, சேலம் எல்லாம் அதற்கடுத்த ஒய் பிரிவு. புத்தகம், பயணம், வேதிப்பொருள் போன்றவற்றுக்கு யுஜிசி தரும் கன்டின்ஜென்சி தொகை மனிதவியல் துறைகளுக்கு முதல் 2 ஆண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000.

யுஜிசி ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 ஆண்டு தளர்வு. வேலைக்குப் போய்விட்டு 32 வயதில் பிஎச்டி யோசிக்கும் பொதுப்பிரிவு ஆண்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். ஐஐடிகளிலோ பெங்களூரு ஐஐஎஸ்சியிலோ (இந்திய அறிவியல் நிறுவனம்) நேரடியாகச் சேர்ந்து நிறுவனத்தின் உதவித்தொகை வாங்குவது அவர்களுக்கு இன்னொரு வழி. மாதத் தொகை அங்கேயும் 37,000, 42,000தான்.

இதற்கெல்லாம் மேலே இருப்பது பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப். 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது. முதல் 2 ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி 2 ஆண்டு 80,000, கூடவே ஆண்டுக்கு 2 லட்சம் ஆராய்ச்சி மானியம். வாங்குபவர் அருகில் உள்ள கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ வாரம் ஒருமுறை பாடம் எடுக்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் 5 ஆண்டுக்குள் 10,000 ஃபெலோஷிப் என்று மறுபடி அறிவித்தார்கள். எந்தச் சுற்றில், எந்த நிறுவனத்தில் என்பதை நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்து அறிவிப்பில் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு வந்த யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் வாங்கிய அறிவியல் மாணவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் (டிஎஸ்டி) இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பைத் தவறவிடக் கூடாது. எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்குத் தனித்தனி தேசிய ஃபெலோஷிப்கள் உள்ளன. தமிழ்நாட்டுக்குள் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது.

வெளிநாடு என்றால் பட்டியல் நீளம். வேலை அனுபவம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பிரிட்டனின் செவ்னிங் ஓராண்டு முதுநிலைக்கு முழுச் செலவும் தரும். 2 ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் முதுநிலைக்கு ஃபுல்பிரைட்-நேரு, குறைந்தது 3 ஆண்டு முழுநேர அனுபவம். இதிலும் திரும்பி வர வேண்டும். ஐரோப்பாவில் இராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலை, மாதம் 1,400 யூரோ. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். எஸ்சி, சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு, ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசின் அயல்நாட்டுக் கல்வித் திட்டமும் தனியாக உண்டு. 1892இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை, அதாவது திருப்பிக் கட்ட வேண்டியது. கே.ஆர். நாராயணன் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனது அந்தப் பணத்தில்தான்.

அமெரிக்காவில் பிஎச்டி என்றால் கணக்கே வேறு. நல்ல பல்கலைக்கழகம் சேர்க்கும்போதே கட்டணத்தை விட்டுக்கொடுத்து, டீச்சிங் அல்லது ரிசர்ச் அசிஸ்டன்ட் சம்பளமும் தரும். அறிவியல், பொறியியலில் பணம் இல்லாத பிஎச்டி இடம் கிடைத்தால் யோசிக்காமல் விட்டுவிடலாம்.

படி 3: காலண்டரில் குறித்து வையுங்கள்

கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர், தேர்வு பிப்ரவரி. யுஜிசி நெட் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் சுற்றும் டிசம்பர் சுற்றும். செவ்னிங் ஆகஸ்டில் திறக்கும், இராஸ்மஸ் அக்டோபர் முதல் ஜனவரி வரை, ஃபுல்பிரைட் பிப்ரவரி வாக்கில். ஆக, அடுத்த ஆண்டு ஜூலையில் வகுப்பில் உட்கார வேண்டும் என்றால் இந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறது.

சான்றிதழ்களும் அப்படித்தான். ஓபிசி மாணவர்கள் மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவினர்) அல்லாதோர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். தமிழக அரசு தரும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு அது போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நிதியாண்டைப் பார்த்து வாங்க வேண்டும். அப்புறம் பரிந்துரைக் கடிதம். கேட்ட மறுநாள் எந்தப் பேராசிரியரும் தர மாட்டார். ஒரு மாதம் முன்பே கேட்டு, கூடவே உங்கள் மதிப்பெண் பட்டியலையும் புராஜெக்ட் சுருக்கத்தையும் அனுப்பிவிடுங்கள்.

படி 4: கம்பெனி பணம் எத்தனை வடிவத்தில் வருகிறது?

முதல் வடிவம், வேலைக்கு எடுக்கும்போதே படிப்போடு சேர்த்து எடுப்பது. எல்&டியின் பில்ட் இந்தியா ஸ்காலர்ஷிப் இப்படித்தான். பி.இ. சிவில், இஇஇ கடைசி ஆண்டு மாணவர்களைத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுத்து, சென்னை ஐஐடி, டெல்லி ஐஐடி, திருச்சி என்ஐடி, சூரத்கல் என்ஐடியில் கட்டுமானத் தொழில்நுட்பம், மேலாண்மையில் எம்.டெக் படிக்க வைத்தது அந்தத் திட்டம். கட்டணமும் கம்பெனியுடையது, மாத உதவித்தொகையும் உண்டு. படித்தபின் எல்&டியில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். விப்ரோவின் வில்ப் திட்டம் பிசிஏ, பிஎஸ்சி முடித்தவர்களுக்கானது. வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக், 60 மாத ஒப்பந்தம். வேலூர் விஐடி அதில் பங்கு பெற்ற கல்வி நிறுவனங்களில் ஒன்று.

இரண்டாவது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பது, கட்டணத்தைக் கம்பெனி முழுதாகவோ பாதியாகவோ திருப்பித் தருவது. பிட்ஸ் பிலானி 1979 முதல் பணியில் இருப்பவர்களுக்கான படிப்புகள் நடத்துகிறது. சென்னை ஐஐடியிலும் இணையவழி எம்.டெக் உண்டு.

மூன்றாவது, ஐஐடிகளின் ஸ்பான்சர்டு பிரிவு. முழுச் சம்பளத்தோடு கம்பெனி உங்களை இரண்டு வருடம் விடுவிக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களிலும் டிஆர்டிஓ போன்ற இடங்களிலும் இது சகஜம், தனியாரில் அரிது. பிஎச்டிக்கு ஐஐஎஸ்சியில் வெளிப்பதிவுத் திட்டம் உண்டு: அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் அங்கேயே ஒரு வழிகாட்டியோடு, ஐஐஎஸ்சியில் இன்னொரு வழிகாட்டியோடு ஆய்வு செய்யலாம்.

நான்காவது, அரசுப் பணி. மத்திய அரசு ஊழியர்களுக்குப் படிப்பு விடுப்பு உண்டு. 5 ஆண்டு தொடர் பணி முடித்திருக்க வேண்டும், மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம் வரை எடுக்கலாம். படிப்பு உங்கள் வேலையோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். முடித்துத் திரும்பி 3 ஆண்டு பணியாற்ற பாண்ட், அதாவது ஒப்பந்தப் பத்திரம், எழுதித் தர வேண்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு விதிகள் தனி. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு மேல்படிப்புக்கென 1970இல் தொடங்கிய க்யூஐபி என்ற தரமேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கல்லூரியின் பெயரில்தான் விண்ணப்பம் போகும் என்பதால் முதல்வரின் சம்மதமே முதல் தேர்வு.

படி 5: மேலாளரிடம் கேட்பது

எச்ஆரிடம் நேராகப் போகாதீர்கள். எச்ஆர் சொல்வது விதிப்புத்தகத்தில் இருப்பதை மட்டும்தான். அதில் இல்லையென்றால் "பாலிசி இல்லை" என்று ஒரு வரியில் மெயில் வரும், அதற்கு மேல் கதவு திறக்காது. முதலில் உள்வலைத்தளத்தில் கல்வி உதவி, உயர்கல்வி என்று எந்தப் பெயரில் இருக்கிறது என்று நீங்களே தேடிப் படியுங்கள். பிறகு உங்கள் மேலாளர். நேரமும் முக்கியம். பெரும்பாலான கம்பெனிகளில் ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குகிறது, பயிற்சிக்கான பணத்தை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஒதுக்கிவிடுவார்கள். ஜூனில் போய்க் கேட்டால் மனம் இருந்தாலும் பணம் இருக்காது.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்? "சார், எனக்கு எம்.டெக் பண்ணணும்னு ரொம்ப ஆசை" என்று தொடங்கினால் "நல்ல விஷயம்பா, பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், பேட்டரி டெஸ்டிங்குக்கு இப்போ வெளியில இருந்துதானே ஆள் வரவைக்கிறோம்? அந்தப் பாடம் இருக்கிற ஒரு எம்.டெக் இருக்கு. வகுப்பு சனி, ஞாயிறுதான். புராஜெக்ட்டை நம்ம லைன்லயே பண்ணலாம். ஃபீஸ் விவரம் ஒரு பக்கத்துல எழுதிக் கொண்டுவந்திருக்கேன்." சாருக்கு மேலே இன்னொரு சார் இருக்கிறார், அவரிடம் காட்ட இவருக்கு ஒரு தாள் வேண்டும். அந்த ஒரு பக்கத்தில் படிப்பின் பெயர், மொத்தக் கட்டணம் செமஸ்டர் வாரியாக, வேலை நேரத்தில் எத்தனை மணி நேரம் போகும், அப்போது உங்கள் வேலையை யார் பார்ப்பார், கம்பெனிக்கு எந்த வேலையில் பயன் என்பது இருந்தால் போதும்.

முழுதாகத் தர மறுத்தால் பாதி கேளுங்கள். பாதியும் இல்லையென்றால் தேர்வு நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் ஆட்சேபனையின்மைச் சான்றும் கேளுங்கள். அந்தச் சான்று சின்ன விஷயம் இல்லை. 2022 யுஜிசி விதிகளின்படி பகுதிநேர பிஎச்டியில் சேரவே அது வேண்டும். ஆய்வுக்கு நேரம் தருகிறோம், தேவைப்பட்டால் பாடவேலைக்கு விடுவிக்கிறோம் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். ஸ்பான்சர்டு எம்.டெக்குக்கான சான்றில் இன்னும் ஒரு வரி வழக்கமாக இருக்கும்: படிப்பு முடியும்வரை இடையில் திரும்ப அழைக்க மாட்டோம். எச்ஆர் பேனா நிற்பது பெரும்பாலும் இந்த வரியில்தான். அதனால் கல்வி நிறுவனம் தரும் படிவத்தை முன்கூட்டியே கொடுத்து, சட்டப் பிரிவு பார்க்க அவகாசம் விடுங்கள். வாசகத்தை மாற்றி எழுதிக் கொடுத்தால் சேர்க்கைப் பிரிவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 6: பாண்ட்டைப் படியுங்கள், வரிக்கு வரி

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பாண்ட் எல்லாம் செல்லாது, கோர்ட்டில் நிற்காது என்று கேன்டீனில் ஒருவர் நிச்சயம் சொல்வார். நம்பாதீர்கள். 2025 மே 14 அன்று விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 3 ஆண்டு குறைந்தபட்சப் பணி, மீறினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும் காலத்துக்கான அப்படிப்பட்ட நிபந்தனை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தடுக்கும் தொழில் தடை ஆகாது என்றது. பொதுத்துறை வங்கி மறுபடி ஆள் எடுக்க ஆகும் செலவையும் கணக்கில் எடுத்தது. அதே சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நீதிமன்றம் தர வைப்பது அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டும்தான் என்பதும் உண்மை. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் வக்கீல் வைக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பெனி கட்டியது 6 லட்சம், பாண்ட் 36 மாதம். நீங்கள் 24 மாதம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். மீதிக் காலத்துக்கு விகிதப்படி என்று எழுதியிருந்தால் 2 லட்சம் கட்டினால் போதும். அந்தச் சொல் இல்லாவிட்டால் 6 லட்சமும் கேட்பார்கள். 35ஆவது மாதத்தில் கிளம்பினாலும் அதே 6 லட்சம். கையெழுத்துக்கு முன் கேட்டால் பல கம்பெனிகள் இந்தச் சொல்லைச் சேர்த்துத் தரும். பின்னால் யாரும் தர மாட்டார்கள்.

அடுத்து, 36 மாதம் எந்த நாளிலிருந்து? படிப்பில் சேர்ந்த நாளா, கடைசித் தேர்வு முடிந்த நாளா, பட்டம் கைக்கு வந்த நாளா? பட்டமளிப்பு விழா தள்ளிப் போனால் பாண்ட்டும் சேர்ந்து நீளும். கம்பெனியே ஆட்குறைப்பு செய்து உங்களை அனுப்பினால் பணம் கட்ட வேண்டுமா? பிரசவ விடுப்பு, மருத்துவ விடுப்பு கணக்கில் சேருமா? ஒரு பாடத்தில் தோற்றால் அந்தச் செமஸ்டர் கட்டணம் யாருடையது? திருப்பித் தரும் தொகையில் வட்டி உண்டா, நீங்கள் படித்த நாட்களின் சம்பளத்தையும் சேர்த்திருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் பதில் தாளில் இருக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க கேட்க மாட்டோம்" என்று வாயால் சொன்ன எச்ஆர் இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனியில் இருக்க மாட்டார்.

ஜாமீன்தாரராக அப்பாவையோ மாமாவையோ கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவருக்கும் படித்துக் காட்டிவிட்டுப் போட வையுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். பாண்ட் முடியும்வரை எங்களிடமே இருக்கட்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 7: இரண்டு தட்டில் சாப்பிட முடியாது

கேட் உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேறு சம்பளமோ உதவித்தொகையோ வாங்கக் கூடாது. ஜேஆர்எஃப்பும் அப்படியே. ஸ்பான்சர்டு பிரிவில் சேர்ந்தவருக்குக் கம்பெனி சம்பளம் உண்டு என்பதால் கேட் தொகை கிடையாது. வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பதில் தப்பில்லை. சேரும்போது ராஜினாமாவோ சம்பளமில்லா விடுப்போ காட்ட வேண்டியிருக்கும். கம்பெனியின் நோட்டீஸ் காலம் 90 நாள், கல்லூரி சேரச் சொல்வது 20 நாளில் என்றால் என்ன செய்வது என்பதைக் கலந்தாய்வுக்கு முன்பே யோசியுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் சேர அனுமதிப்பார்களா என்று சேர்க்கைப் பிரிவில் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 8: கிடைத்தபின் கையில் 5 மாதச் செலவு

ஃபெலோஷிப் உறுதியானதும் முதல் மாதமே பணம் வரும் என்று கணக்குப் போட்டு அறை பிடிப்பவர்கள் சிரமப்படுகிறார்கள். ஜேஆர்எஃப்புக்குச் சேர்க்கை அறிக்கை போக வேண்டும், கல்வி நிறுவனத்தில் மேக்கர், செக்கர் என்று இருவர் இணையதளத்தில் ஒருவர் ஏற்ற, மற்றவர் சரிபார்த்து, மாதந்தோறும் வருகையை உறுதி செய்ய வேண்டும். செக்கர் விடுப்பில் போனால் அந்த மாதம் உங்கள் பணமும் விடுப்பில். முதல் தொகை வர நான்கைந்து மாதம் ஆவது அதிசயமில்லை; நிலுவையோடு மொத்தமாக வரும், ஆனால் மெஸ் பில் அதுவரை காத்திருக்காது. குறைந்தது 5 மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில் பெயர் எழுத்துக்கு எழுத்து சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருப்பது தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய தொல்லை. துறை அலுவலகத்தில் அந்த மேக்கர், செக்கர் யார் யார் என்று முதல் வாரமே விசாரித்து, முகம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியை நிரப்பக் கடன் வேண்டுமென்றால் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தைப் பாருங்கள். தேர்ந்த கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஈடு இல்லாத கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஒரு செமஸ்டருக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள், அனுமதித்த தொகை முழுவதையும் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

படிப்பை இடையில் விட நேர்ந்தால் வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பது நீங்கள் சேரும் நாளில் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தில் இருக்கும். வரிசையில் பின்னால் இருப்பவர் அவசரப்படுத்துவார். பரவாயில்லை, படித்து, போனில் ஒரு படம் எடுத்துவிட்டே கொடுங்கள்.